சிலேட்டுக் குதிரை

முதல் ஆர்டர் தொண்ணூற்றேழில்.
கறுப்பு பனியன். நெஞ்சில் தலையில்லாத குதிரை,
அதன் காலடியில் நான்கு முகம்.
ஸ்லேட் ஹார்ஸ், இங்கிலாந்துக்காரர்கள்.
அனுப்பர்பாளையத்தில் எங்கள் டேபிளுக்கு வந்த அன்றைக்கே
சிலேட்டுக் குதிரை ஆகிவிட்டார்கள்.

அப்ரூவல் பார்சலில் தவறி வந்த கேசட்டை
க்யூரிங் மிஷின் பக்கத்தில் போட்டேன்.
"ஆரோ தகரத்தக் கிழிக்கறானாட்ட இருக்குதுங்"
என்று பொங்கியண்ணன் வெளியே போய்விட்டான்.
நான் பல்லடத்தான்.
எட்டுத் தறி ஓடுகிற வீட்டில்
தறிக்கும் சுவருக்கும் நடுவே தொட்டில்.
கரண்ட் போனால்தான் விழித்து அழுவேனாம்.
அந்தப் பாட்டில் எனக்குத் தூக்கம் வந்தது,
தூக்கம் வந்ததால் பிடித்தது.
இதை ரசிகன் என்று சொல்லலாமா, தெரியவில்லை.

அதற்கப்புறம் அவர்கள் கதையை
நான் பேப்பரில் படிக்கவில்லை. ஃப்ரேமில் அச்சடித்தேன்.

"இடமிருந்து இரண்டாவது முகத்தை எடுக்கவும்."
ஃபேக்ஸில் ஒரே வரி.
பாடகன் அவன்; கன்னத்தில் பள்ளம், கண் வரைக்கும் முடி.
புது ஃப்ரேம் போட நேரமில்லை.
டேப் ஒட்டி அடைத்தேன்.
மூன்று பேரும், ஓர் ஆள் அகலத்துக்கு இருட்டுமாக
ஆறாயிரம் பீஸ் கப்பலேறியது.
அங்கே யாரோ அதை ஆழமான டிசைன் என்றார்களாம்.

புதுப் பாடகன் பதினொரு மாதம் தாங்கினான்.
டிரம்மர் ஆஸ்பத்திரியில்.
குடி என்று சொல்லக் கூச்சப்பட்டு
"நம்மூரு வியாதிதானுங்" என்றார் மெர்ச்சண்டைசர் ஜெயசீலன்.
பெயர் யாருக்கு என்று கோர்ட்டுக்குப் போனார்கள்.
இரண்டு சிலேட்டுக் குதிரை ஓடிய வருஷமும் உண்டு:
ஒன்றுக்கு நாங்கள், மற்றதற்கு எதிர்க் கட்டடம்.
வாய்க்கால் தண்ணீருக்கு மூன்று தலைமுறை
வாய்தா வாங்கின பூமி இது,
எங்களுக்கு ஆச்சரியமே இல்லை.

பிறகு ஒன்றானார்கள். பழைய பாடகனே வந்தான்.
பெரிய டூர்; முதுகு நிறைய ஊர்களும் தேதிகளும்.
லீட்ஸ் மேடையில் மைக் ஸ்டாண்டால்
கிடார்க்காரனை அவன் அடித்த இரவு
இங்கே கடைசி லாட் காய்ந்துகொண்டிருந்தது.
லீட்ஸுக்குக் கீழே பதினான்கு ஊர் மிச்சம்.
சாயப்பட்டறைகளைப் பூட்டிய வருஷம் வேறு.
ஓனர் சென்னியப்பன் ஒரு வார்த்தை பேசாமல்
எல்லாவற்றையும் காதர்பேட்டைக்குக் கிலோக் கணக்கில் தள்ளினார்.

வெள்ளக்கோயில் சந்தையில் பார்த்தேன்,
வெங்காய மூட்டைக்குக் கீழே
கோபன்ஹேகன், நவம்பர் பதினான்கு.
கொடுமுடியில் மொட்டை போட்டு ஆற்றில் இறங்கின பையனை
ஓஸ்லோ வரைக்கும் வாசிப்பதற்குள் முங்கிவிட்டான்.
யாரும் வாசிக்காத பதினான்கு கச்சேரிகள்
வியர்வையில் நனைந்தன, சவுக்காரத்தில் வெளுத்தன,
கொடியில் தலைகீழாகத் தொங்கின.
டிக்கெட் இல்லாமல்
கொங்கு முழுக்க நடந்து முடிந்தன.
கரண்ட் போன மதியங்களில்
எனக்கு மட்டும் அவை கேட்டன என்று எழுத ஆசைதான்.
கேட்கவில்லை.

இந்த மாசியில் மறுபடி மெயில்.
விடைபெறும் டூர், மூன்றாவது முறையாக.
பேஸ் வாசித்தவன் போய்விட்டான்;
அவன் முகத்துக்குக் கீழே இரண்டு வருஷம், நடுவில் கோடு.
பாடகன் திரும்பியிருக்கிறான்.
பழைய முகங்களே போதுமாம்.

பரணில் ஏறி அந்த ஃப்ரேமை எடுத்தேன்.
டேப்பை உரித்து டியூப்லைட்டில் பிடித்தேன்.
பசை மஞ்சளாகியிருந்தது,
கன்னத்துப் பள்ளம் அப்படியே.
மெயிலோடு வந்த புதுப் படத்தில்
முடியில்லாத ஒரு கிழவன் எங்கேயோ பார்க்கிறான்.
எனக்கும் பி.பி. மாத்திரை ஆரம்பித்து நாலு வருஷம்.

"இந்தாளு மறுக்காச் சண்ட போட்டுட்டுப் போனான்னா?"
செக்கிங் கருணாம்பிகைக்குச் சந்தேகம்.

ஷிப்மெண்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.
டேப்பை டிராயரில் வைக்காதே,
டேபிள் மேலேயே இருக்கட்டும் என்றேன்.